ஓவியர் வீதியில் ஒரு மேசை



திருவிழாக் கடைத்தெருவை அறியாதவர் நம்முள் எவரும் இலர். தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பின்னரும் வளையற்கடையும் பொரிகடலைக் கடையும் இரண்டு நாள் கலையாமல் நிற்கும். நான் இன்று பேச எடுத்துக்கொண்டதும் ஒருவகைத் திருவிழாக் கடையைப் பற்றியதே. ஆயினும் இந்தத் திருவிழாவில் தெய்வம் எழுந்தருளுவதில்லை, கதைமாந்தர் எழுந்தருளுகின்றனர். படக்கதைகளையும் அறிவியற் கற்பனைக் கதைகளையும் உயிரோவியப் படங்களையும் உளமார விரும்புகிறவர்கள் ஓரிடத்தில் கூடித் தமக்குப் பிடித்த பாத்திரங்களைப் போலவே உடையணிந்து உலவுகிறார்கள், நூல் வாங்குகிறார்கள், ஓவியரைக் கண்டு பேசுகிறார்கள். ரசிகர் கூட்டம் என்று நாம் இதனைச் சொல்லலாம். ‘காமிக் கான்’ என்பது உங்கள் வாயில் வழங்கும் பெயர். அந்தக் கூட்டத்தில் பெரிய பதிப்பகங்களின் அரங்குகளுக்கு அப்பால், ஒரு கோடியில், வரிசையாகச் சிறு மேசைகள் போட்டிருக்கும். ஒவ்வொரு மேசைக்கும் பின்னால் ஓர் ஓவியர், தம் கையால் வரைந்ததைத் தாமே விற்றுக்கொண்டிருப்பார். அந்த இடத்துக்கு ஓவியர் வீதி என்று பெயர். அந்த வீதியில் முதன்முதலாக மேசை போட்ட ஒரு பெண்ணின் பக்கத்தில் இரண்டு நாள் கல்லாப்பெட்டியைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பேறு எனக்கு வாய்த்தது. அவள் என் தமக்கையின் பேத்தி; வேதாரணியத்துக்காரி; கல்லூரியில் காட்சிக் கலை பயிலுகிறாள்.

அவள் கதைக்கு வருமுன் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். 1939-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நியூயார்க் நகரில் உலக அறிவியற் புனைகதை ரசிகர்களின் முதல் மாநாடு கூடிற்று. வந்தவர் ஏறத்தாழ இருநூற்றுவரே. அவர்கள் தம் சிறப்பு விருந்தினராக யாரை அழைத்தார்கள், தெரியுமா? பெரிய எழுத்தாளர் ஒருவரை அன்று. பத்திரிகை அட்டைகளுக்கு விண்கலங்களையும் அயற்கோள் நகரங்களையும் வரைந்துவந்த பிராங்க் ஆர். பால் என்னும் ஓவியரையே அழைத்தார்கள். எழுத்தைப் படிக்குமுன் கண்ணை இழுத்தது அவர் தூரிகை என்பதை அந்த இளைஞர்கள் மறக்கவில்லை. பிறகு 1970-இல் கலிபோர்னியாவிலுள்ள சான் டியேகோ நகரத்துத் தங்கும் விடுதி ஒன்றில் சுமார் முந்நூறு பேர் மூன்று நாள் கூடினர். அந்தக் கூட்டம் இக்காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரளும் பெருவிழாவாக வளர்ந்திருக்கிறது. நம் நாட்டில் 2011 பிப்ரவரியில் தில்லியில் தொடங்கிய காமிக் கான், 2024 பிப்ரவரியில் சென்னைக்கும் வந்தது.

எனினும், மேசை என்னும் பொருளைப் பற்றிப் பேசவேண்டுமானால் ஜப்பானைத்தான் முதலிற் சொல்லவேண்டும். அங்கே நடைபெற்று வந்த ஒரு படக்கதை மாநாட்டைக் குறைகூறிய பெண் ஒருத்தியை, மாநாட்டினர் உள்ளே விட மறுத்தனர். இது நேர்ந்தது 1975-இல். இதனைப் பொறாத இளைஞர் சிலர், யாரையும் விலக்காத ஒரு கூட்டம் வேண்டும் என்று கருதித் தாமே ஒன்றைத் தொடங்கினர். அவ்வாண்டு டிசம்பர் 21-ஆம் நாள் தோக்கியோவில் கூடிய அந்த முதற் கூட்டத்தில் 32 குழுக்கள் தம் கையச்சு நூல்களைப் பரப்பின. வந்தவர் எழுநூற்றுவர் அளவில். அவர்களுட் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள்! ‘காமிக் மார்க்கெட்’ என்னும் அந்தக் கூட்டத்திற்கு 2019-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நான்கு நாட்களில் வந்தோர் தொகை ஏழரை லட்சம். அதனைத் தொடங்கியவர்களுள் ஒருவரும் பல்லாண்டு அதனைத் தலைமையேற்று நடத்தியவருமான யொனேஸாவா யோஷிஹிரோ என்பவர் 2006-இல், தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் காலமானார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு குழுவுக்குக் கிடைப்பது அரை மேசைதான். மேசை 180 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உடையது. அதில் பாதி, அதாவது 90-க்கு 45. நம் வகுப்பறை மேசையிற்கூட இதைவிட இடம் மிகுதி. கூட்டத்தார் விடாது போற்றும் ஒரு கொள்கையும் உண்டு. விற்போர், வாங்குவோர் என்னும் பிரிவே அங்கு இல்லையாம். மேசைக்குப் பின்னால் இருப்பவரும் முன்னால் நிற்பவரும் கதவருகில் வரிசையை ஒழுங்குபடுத்தும் தொண்டரும் எல்லாரும் ‘பங்குகொள்வோர்’ என்ற ஒரே பெயர் உடையவர்கள். மேசை போட்டவர்களுட் பலர் கைப்பொருளை இழந்தே வீடு திரும்புகின்றனர். இருந்தும் அடுத்த முறை விண்ணப்பிக்கின்றனர். கிளாம்ப் என்ற பெயரில் உலகறிந்த படக்கதைகளைப் படைத்த மகளிர் குழுவும் இத்தகைய கையச்சு நூல்களில் கை பழகியதே.

இனி நம் பெண்ணிடம் வருவோம்.

அவள் வரைந்தது பதினாறு பக்கப் படக்கதை ஒன்று. கோடியக்கரைக்கு ஆண்டுதோறும் வரும் பூநாரைக் கூட்டத்திலிருந்து வழி தவறிய ஒரு குஞ்சும், உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு சிறுமியும் அதன் பாத்திரங்கள். முதலில் அவள் பதினான்கு பக்கமே வரைந்திருந்தாள். அச்சகத்தார், “இரண்டு பக்கம் வெற்றாக நிற்குமே, அம்மா” என்றார். ஒரு தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம் ஆகிறது. மடித்த தாள்களை ஒன்றனுள் ஒன்றாகச் செருகி நடுவில் கம்பி தைத்தால் நூல் ஆகிறது. ஆதலால் இவ்வகை நூலின் பக்கத்தொகை நான்கால் மீதியின்றி வகுபடவேண்டும். நான்காம் வகுப்புக் கணக்குத்தான். ஆனால், ஓவியக் கல்லூரியில் யாரும் இதனை அவளுக்குச் சொல்லவில்லை. அவள் இரண்டு பக்கங்களைப் புதிதாக வரைந்து நட்டநடுவில் வைத்தாள். நடுவிலுள்ள இரு பக்கங்களும் ஒரே தாளில் அமைவன ஆதலால், படம் பிளவுபடாமல் ஒரே பரப்பாக விரியும். விடியற்காலத்து உப்பளம், சொல் ஒன்றும் இல்லை, வெண்குவியல்களுக்கிடையே ஓர் இளஞ்சிவப்புப் புள்ளி. அந்தப் பக்கங்களைப் பற்றிப் பின்னர் மறுபடியும் சொல்லப்போகிறேன்.

அச்சில் வேறொரு பாடமும் கிடைத்தது. கணிப்பொறித் திரையில் தணல்போல் ஒளிர்ந்த பூநாரையின் சிவப்பு, சோதனைப் படியில் மங்கிப் பழஞ்செங்கல் போல் வந்தது. பெண்ணுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இதில் அச்சகத்தார் குற்றம் யாதும் இல்லை. திரை நிறம் காட்டுவது ஒளியால். சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைக் கலந்து காட்டுகிறது. அவை கூடக் கூட வெளிச்சம் மிகும். அச்சு நிறம் காட்டுவது மையால். நீலமும் செம்மையும் மஞ்சளும் கறுப்புமாகிய நான்கு மைகள் தாளின் மேற்படிந்து ஒளியை விழுங்குகின்றன. அவை கூடக் கூட இருள் மிகும். ஆகவே, திரை காட்டும் நிறங்களுட் சிலவற்றை மையால் எட்டவே இயலாது. பளிச்சென்ற இளஞ்சிவப்பும் கொழுந்துப் பச்சையும் அவற்றுட் சேர்ந்தவை. அவள் நான்கு மைக்குரிய முறையில் நிறங்களை மாற்றியமைத்துச் சுற்றிலும் சாம்பல் நீலம் பூசினாள். சிவப்பைக் கூட்ட முடியாதபோது அதன் அக்கம்பக்கத்தைத் தணித்தாள். பறவை மீண்டும் ஒளிர்ந்தது. ஏ-4 தாளில் தெளிவாக அச்சிட, அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி என்ற கணக்கில் 2,480-க்கு 3,508 புள்ளிகள் வேண்டும் என்பதையும் அப்போதுதான் நான் அறிந்தேன். கைப்பேசியில் அழகாகத் தெரியும் படம் தாளிற் பெரிதாகும்போது ஏன் கலங்குகிறது என்பதற்கு விடை இதுவே.

பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு நாணவேண்டாம். அவள் தந்தை உப்பு வாணிகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் எழுத்தர். பதினையாயிரம் ரூபாயைக் கடனாகவே கொடுத்தார். வட்டி இல்லை, ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. “இந்தப் பணம் திரும்பி வந்தால் மேலும் வரை; வராவிட்டால் படிப்பை முடித்து வேலைக்குப் போகும் வரையில் இந்தப் பேச்சு வேண்டாம்” என்றார். அவரைக் கடுமையானவர் என்று எண்ணிவிடாதீர்கள். மாதச் சம்பளக்காரர், இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைப்பவர். தொகையைப் பங்கிட்டது இவ்வாறு: தோழி ஒருத்தியோடு பாதியாகப் பகிர்ந்துகொண்ட மேசைக்கு வாடகை 5,000, நூறு நூற்படிகளுக்கு 3,800, ஏ-4 படங்கள் அறுபதுக்கு 1,800, அஞ்சலட்டைப் படங்கள் இருநூறுக்கு 1,200, ஒட்டுப்படத் தாள்கள் ஐம்பதுக்கு 1,000, விரிப்புத் துணி, கம்பிச் சட்டம், கண்ணாடித்தாள் உறை ஆகியவற்றுக்கு 700, எங்கள் இருவரின் போக்குவரவுக்கு 1,500. கூட்டிப் பாருங்கள்.

விலை வைப்பதில் அவள் மிகவும் கூசினாள். நூலுக்கு ஐம்பது ரூபாய் போதும் என்றாள். அச்சுக்கூலியே படிக்கு முப்பத்தெட்டு, மீதி பன்னிரண்டு. நூறு படியும் விற்றாலும் மிஞ்சுவது 1,200; மேசை வாடகையில் நாலில் ஒரு பங்குகூட ஆகாது. அச்சுக்கூலி படிகளின் தொகையோடு ஏறும், இறங்கும். வாடகையோ ஒன்று விற்றாலும் நூறு விற்றாலும் அசையாது நிற்கும். அசையாத செலவைச் சுமக்க அசையும் பொருளின் விலையில் இடம் வேண்டும். இதனை நான் கரும்பலகை இல்லாமலே விளக்கினேன். முடிவில் நூல் 120, பெரிய படம் 150, ஒட்டுப்படத் தாள் 60, அஞ்சலட்டை 30 என்று விலை நிறுத்தினோம். தம் வேலைக்கு மிகக் குறைந்த விலை வைக்கும் இளம் ஓவியர், அடுத்த மேசைக்காரரின் நியாயமான விலையையும் பேராசைபோல் தோன்றச் செய்துவிடுகிறார் என்பது என் கருத்து.

முதல் நாள் காலை மண்டபத்துக் கதவு திறந்தது. அப்பப்பா, அந்த இரைச்சல்! முப்பத்தைந்து ஆண்டு பள்ளிக்கூடத்து இடைவேளைகளைக் கேட்டுத் தேய்ந்த என் செவிகளுக்கே அது புதிதாயிருந்தது. வாளேந்திய வீரர் ஒருவர் என்னிடம் வந்து குடிநீர் எங்கே கிடைக்கும் என்று பணிவோடு கேட்டார். சிறகு முளைத்த ஒரு பெண் கடந்து போகையில், அவள் சிறகு எங்கள் அஞ்சலட்டைகளைப் பாதி தூக்கிக்கொண்டு போயிற்று. பின்னர் அவளே திருப்பிக் கொண்டுவந்து, ஒன்றை விலைக்கும் வாங்கிப் போனாள். மக்கள் வெள்ளம் வந்தது, போயிற்று. எங்கள் மேசையில் தங்கவில்லை.

தோழியின் பாதி மேசையிலோ கூட்டம் மொய்த்தது. அவள் வரைந்தவை யாவும் உலகறிந்த ஜப்பானிய, அமெரிக்கக் கதைவீரர்களின் உருவங்கள். எல்லாரும் அறிந்த முகம். கண்டவுடன் கை நீளும். பிற்பகல் மூன்று மணிக்கு அவளிடம் படம் தீர்ந்துவிட்டது. எங்கள் பெண் ஆறு நூல்களே விற்றிருந்தாள். அன்று மாலை எண்ணியபோது கல்லாவில் இருந்தது 4,140 ரூபாய்.

இரவு சைதாப்பேட்டையில் உறவினர் வீட்டில் தங்கினோம். சாப்பிட்டு முடிந்ததும் அவள் வெற்றுத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, “தாத்தா, ராத்திரி முழுவதும் உட்கார்ந்து பத்து வீரர் முகம் வரைந்துவிடுகிறேன். நாளைக்கு அதை விற்றால் அப்பா பணம் வந்துவிடும்” என்றாள்.

“விற்கலாம் அம்மா. ஆனால், அந்த முகங்கள் யாருடையவை?” என்று கேட்டேன்.

“எல்லாரும் வரைகிறார்களே!”

எல்லாரும் வரைகிறார்கள் என்பது உண்மையே. இந்தப் பொருளைப் பற்றி உங்களுக்கும் தெளிவு வேண்டும் என்பதால் சிறிது நின்று சொல்லுகிறேன். நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஓவியம் வரைந்தவரின் உடைமை. அவர் வாழ்நாளும் அதன்பின் அறுபது ஆண்டும் அந்த உரிமை நிற்கும். கதைவீரனின் உருவமும் அத்தகைய ஓவியமே. அதனைக் கணிசமாகப் பின்பற்றி வரைந்து விலைக்கு விற்க, உரிமையாளரின் இசைவு வேண்டும். விருப்பத்தால் வரைந்தேன் என்பது இசைவு ஆகாது. ஜப்பானில் இவ்வகைப் படைப்புக்கள் ஆயிரக்கணக்கில் விற்கின்றனவே என்றால், அங்கே உரிமையாளர் பலர் கண்டும் காணாதவர்போல் இருக்கின்றனர். முறையீடு இல்லாதபோது வழக்கும் எழுவதில்லை. தமக்கு வாசகர் பெருகுவதும் புதிய ஓவியர் உருவாவதும் அவர்களுக்கு ஊதியமே. ஆனால், கண்டுகொள்ளாமை வேறு, உரிமை வேறு. நாளைக்கே அவர்கள் கண்ணைத் திறந்துகொள்ளலாம். ராமனையோ அருச்சுனனையோ உன் கற்பனைப்படி வரைந்தால் கேட்பார் இல்லை. அவர்கள் எல்லார்க்கும் பொதுவானவர்கள். நேற்றுப் பிறந்த வீரனுக்கோ தந்தை இருக்கிறார். தோழியை நான் பழிக்கவில்லை. கை பழகுவதற்குப் பிறர் உருவங்களை வரைவது ஓவியர் எல்லாரும் நடந்த வழிதான். விலைச்சீட்டு ஒட்டும்போதுதான் கேள்வி எழுகிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, “மேசை உன்னுடையது, முடிவும் உன்னுடையது” என்று படுத்துக்கொண்டேன். உறங்கவில்லை என்பது வேறு செய்தி. அந்தப் பதினையாயிரத்தின் பின்னால் இருந்த நிபந்தனை எனக்கும் தெரியுமல்லவா? நடுநிசியில் எழுந்து பார்த்தேன். அவள் வீரர்களை வரையவில்லை. அட்டை ஒன்றில் பெரிய எழுத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதன்முதலிற் கற்பித்தவை இரண்டு. கடைசி வரிசை மாணவன் படிக்க முடியாத எழுத்து, கரும்பலகையில் எழுதப்படாத எழுத்தே என்பது ஒன்று. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல் என்பது மற்றொன்று. மறுநாட் காலையில் அந்தப் பெண் மேசையை மாற்றி அமைத்த விதத்தைக் கண்டபோது, பயிற்சிக் கல்லூரியில் படிக்காமலே இவள் இவற்றை எப்படிக் கண்டாள் என்று வியந்தேன். முதல் நாள் படங்கள் மேசைமேற் படுத்துக்கிடந்தன. நடப்பவர் கண்ணுக்கு அவை தென்படவே இல்லை. இப்போது கம்பிச் சட்டத்தை நிமிர்த்தி, நிற்பவர் கண்ணுக்கு நேரே பெரிய படங்களைத் தொங்கவிட்டாள். நூலை மூடி அடுக்காமல், ஒரு படியை நடுப்பக்கத்தில் விரித்துச் சாய்மானமாக நிறுத்தினாள்: சொல்லற்ற அந்த உப்பளப் பக்கங்கள். அதன் மேலே இரவெல்லாம் எழுதிய அட்டை: “கோடியக்கரையில் வழி தப்பிய பூநாரை”. பத்தடிக்கு அப்பாலிருந்து படிக்கலாம். எல்லாரும் அறிந்த மெரீனாக் கலங்கரை விளக்கத்தின் அஞ்சலட்டையை முன்வரிசையில் வைத்தாள். அதைக் கையில் எடுத்தவர் அடுத்துக் கோடியக்கரைக் கலங்கரை விளக்கத்தைப் பார்ப்பார், அதற்கடுத்துப் பறவை, அதற்கடுத்து நூல்.

இன்னொரு மாற்றமும் செய்தாள். முதல் நாள் தலை குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது எழுந்து நின்றாள். வருவோரை வாங்குங்கள் என்று அழைக்கவில்லை. நூலை ஒருவர் நோக்கினால் போதும், “இது எங்கள் ஊர் உப்பளம்” என்பாள். அவ்வளவே. அதற்குமேல் அவர்களே கேட்டார்கள்: உப்பு எப்படி விளைகிறது? பூநாரை ஏன் சிவப்பாயிருக்கிறது? அது உண்ணும் சிற்றுயிர்களிலும் பாசியிலும் உள்ள நிறப்பொருளே இறகில் ஏறுகிறது என்று இவள் சொல்ல, ஒரு சிறுவன் தான் உண்ணும் தயிர்ச்சோற்றால் வெளுத்துவிடுவானா என்று கேட்டான். அவன் தாய் சிரித்துக்கொண்டே நூல் வாங்கினாள்.

நடுப்பகலில் என் வயதொத்த ஒருவர் வந்தார். நூலைப் புரட்டிப் பார்த்தவர், என்னை நோக்கி, “சார், நீங்கள் இரும்புக்கை மாயாவி படித்ததுண்டா?” என்றார். படித்ததுண்டாவா! 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் அந்தக் கதையைத் தமிழில் முதல் இதழாக வெளியிட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வகுப்பில் ஒரே படி, நாற்பது கை. அது இங்கிலாந்திற் பிறந்த கதை; வீரனும் அந்நாட்டான். “அப்போது நமக்கு வேற்றூரார் வரைந்ததுதான் கிடைத்தது, இந்தப் பிள்ளை நம் உப்பளத்தை வரைகிறாளே!” என்று மூன்று படி வாங்கினார். பேரப் பிள்ளைகளுக்காம். ஒன்று அவருக்கே என்பது என் ஊகம்.

எல்லாரும் இனியவராயிருந்தார் என்று சொல்லமாட்டேன். படங்களைக் கைப்பேசியிற் பிடித்துக்கொண்டு வாய்பேசாமற் போனவர் பலர். “வலைத்தளத்தில் சும்மாவே கிடைக்கிறது” என்று சொல்லிப் போனவர் ஒருவர். சிறுமியின் கை விரல்கள் சரியாக அமையவில்லை என்று ஓர் இளைஞர் சுட்டினார். அவர் சொன்னது உண்மை. அவள் அதனைக் குறித்துக்கொண்டாள். பிற்பகலில் கூட்டம் மிகுந்து கைப்பேசி இணைப்பே அற்றுப்போய், க்யூ.ஆர். அட்டையைக் காட்டிப் பணம் பெறுவது நின்றது. அப்போது பயன்பட்டவை நான் ஊரிலிருந்து மாற்றி எடுத்துச்சென்ற பத்து, இருபது ரூபாய்த் தாள்களே. சில்லறை இல்லாத கடைக்காரனிடம் எவ்வளவு நல்ல ஓவியமும் விலைபோகாது.

அந்தி நேரத்தில் சிலர், தம் முகத்தைப் பூநாரையோடு சேர்த்து வரைந்து தரக் கேட்டனர். ஒரு படத்துக்கு இருபது நிமிடம், இருநூறு ரூபாய் என்று எழுதி வைத்தாள். ஐந்து பேருக்கு வரைந்ததும் மணிக்கட்டு நொந்தது, ஆறாமவரை மறுத்துவிட்டாள். மறுப்பதும் ஒரு திறமை. பலருக்கு அது வருவதில்லை.

இரண்டாம் நாட் கணக்கு: நூல் 29, பெரிய படம் 17, ஒட்டுப்படம் 21, அஞ்சலட்டை 58, வரைந்து கொடுத்தது ஐந்து. ஆக 10,030 ரூபாய். இரண்டு நாளும் சேர்ந்து 14,170. கடனுக்கு 830 ரூபாய் குறைந்தது.

ஊர் திரும்பியதும் அவள் பணத்தையும் கணக்குத் தாளையும் தந்தையின் முன் வைத்தாள். அவர் எழுத்தர் அல்லவா? முதலில் தாளையே படித்தார். “எண்ணூற்று முப்பது குறைகிறதே” என்றார். “ஆமாம் அப்பா. அறுபத்தைந்து புத்தகம் மீதி இருக்கிறது” என்றாள் அவள். அவர் பேனாவை எடுத்து, மீந்த சரக்கைத் தனியே ஒரு பத்தியில் எழுதினார்: நூல் 65, பெரிய படம் 34, அஞ்சலட்டை 101, ஒட்டுப்படத் தாள் 15. உப்பு வாணிகத்தில் அம்பாரத்தில் கிடக்கும் உப்பும் முதலாகவே கணக்கில் ஏறும். “இதை நட்டம் என்று எழுத முடியாது” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை, நிபந்தனையையும் பேசவில்லை.

மீந்த படிகளை அவள் ஈரமேறாத தகரப் பெட்டியில் அடுக்கினாள். கடற்கரை ஊரில் தாள் விரைவிற் பழுக்கும். அஞ்சலட்டைகளுள் ஒரு கட்டு, கோடியக்கரைக்குப் பறவை பார்க்க வருவோர் நின்று தேநீர் அருந்தும் ஒரு கடையில் தொங்குகிறது. இரண்டாம் பாகத்துக்குப் பென்சிற் கோடுகள் தொடங்கிவிட்டாள். சிறுமியின் விரல்களை மட்டும் ஒரு குறிப்பேடு முழுவதும் வரைந்து பார்த்திருக்கிறாள். அடுத்த மேசைக்கு அவள் போட்ட திட்டத்தில் வாடகை 5,000, இரண்டாம் பாகம் ஐம்பது படிக்கு 2,250, பயணத்துக்கு 1,500, மொத்தம் 8,750. அவள் தந்தை அதனை இருமுறை கூட்டிப் பார்த்து, கையெழுத்திட்டு, பணத்தை எண்ணிக் கொடுத்தார்.